தம்பி பெண்டாட்டி வாசித்த முதல் வாசகம்

திருவிழாப் பூசைக்கு முதல் வாசகத்தை என் தம்பி பெண்டாட்டி வாசிக்கட்டும் என்று பங்குச்சாமி சொன்னபோது, நான் சிரித்த முகமாகத்தான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து குக்கர் மூடியைத் தரையில் வீசிய சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் பிறந்ததும் போடி, வாக்கப்பட்டதும் போடி. நடுவில் இரண்டு தெரு. இரண்டு வீட்டுக்கும் ஏலக்காய் வியாபாரம், இரண்டு வீட்டுக்கும் ஒரே கோயில். கிறிஸ்தவர்கள் நாங்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வோம். பூசையில் சாமி, அதாவது பாதிரியார், பிரசங்கம் வைப்பதற்கு முன்னால், மக்களில் ஒருவர் மேடையேறிப் பெரிய புத்தகத்தைத் திறந்து வேதத்தின் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும். அதுதான் முதல் வாசகம். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து அதை நான் வாசித்துவந்தேன். மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். மாமனார் இறந்த பதினெட்டாம் நாள் வாசித்திருக்கிறேன். ஒரு எழுத்து பிசகியதில்லை. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டேன். அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஆடிக் காற்றில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மலையிலிருந்து இறங்குகிற காற்று எங்கள் ஊரில் ஓட்டைப் பெயர்க்கும், தொண்டையையா விட்டுவைக்கும்? அந்த ஞாயிறு யாரை ஏற்றுவது என்று வாசகர் குழுவில் பேச்சு வந்தபோது என் தம்பி, "எங்க வீட்டுக்காரி வாசிப்பாளே" என்றான். எனக்கு வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லக் குரல் இல்லை. அப்படித்தான் அவள் உள்ளே வந்தாள். நான் என்ன பாவம் செய்தேனோ, இருமலுக்கு இப்படி ஒரு தண்டனை.

அவள் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளச் சீமையில், பூப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வளர்ந்தவள். தமிழ்க் குடும்பம்தான். அவளுடைய அப்பா ஏலக்காட்டில் மேஸ்திரி. என் தம்பியைக் கட்டி இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. "சாரமில்ல மதினி" என்று எதற்கும் சொல்வாள், மலையாளத்தில் பரவாயில்லை என்பதற்கு அப்படி. பால் பொங்கி வழிந்தால் சாரமில்ல, பிள்ளை மார்க்கு குறைந்தால் சாரமில்ல. அவளோடு எனக்கு அதுவரை ஒரு தகராறும் இல்லை. எனக்கென்று இருந்த ஒன்றை அவள் அதுவரை தொடவில்லை, அதனால்தான்.

அவள் வாசித்த முதல் ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தாள். தலையைத் தூக்கினாள். எங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு நீள வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். மறுபடியும் ஒரு பார்வை, மறுபடியும் தலை நிமிர்ந்தது. பின்வரிசையில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தவள்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் என்னிடமே வந்து, "உங்க தம்பி வீட்டம்மா நம்மகிட்டப் பேசுற மாதிரியே வாசிக்கிறாங்க" என்றார்கள். என்னிடமே வந்து சொன்னார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த வாரம் முழுக்கப் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். ஒரு வரியைப் பார்ப்பது, தலையைத் தூக்குவது, சொல்வது. தலையைத் தூக்கினால் சொல் மறந்தது. குனிந்தால் வரி தொலைந்தது. மூன்றாம் வரியில் ஆரம்பித்து ஏழாம் வரிக்குத் தாவி மறுபடி மூன்றுக்கு வந்தேன். கடையிலிருந்து சாப்பிட வந்த வீட்டுக்காரர், "யாரைத் திட்டிப் பழகுறே?" என்று கேட்டார்.

நான் தேறிய பிறகு ஒரு ஞாயிறு எனக்கு, ஒரு ஞாயிறு அவளுக்கு என்று சாமி பிரித்துவிட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன். திருவிழாவாவது எனக்கு மிஞ்சும் என்று இருந்தேன். அதைத்தான் இந்த வருஷம் அவளுக்குக் கொடுத்தார். "நீங்க இத்தனை வருஷம் செஞ்சுட்டீங்க. இந்தத் தடவ ரெண்டாம் வாசகம் வச்சுக்கங்க" என்றார். இரண்டாம் வாசகம் என்பது கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தி. யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள். யாரும் அதற்காகக் காத்திருக்கவும் மாட்டார்கள்.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அவள் அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்கிறவர்களுக்கு "கண்ணு சம்பந்தமா" என்று சொல்லிவைத்திருந்தேன். பாதிப் பேர் அவளைக் கண் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு பவர் ஏறிவிட்டது, கண்ணில் நீர் வடிகிறது என்று வந்து நின்றார்கள். அவள் செய்வது வேறு. வாசிக்கும்போது கண் எங்கே நிற்கிறது, எங்கே தாவுகிறது என்று அளந்து, அதை வைத்து மூளைக்குள் வாசிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்வது. தமிழும் மலையாளமும் இரண்டுமே வாசிக்கத் தெரிந்தவர்கள் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குப் போடியை விட்டால் வேறு ஊர் ஏது? இங்கே வீட்டுக்கு ஒருத்தராவது மலைக்கு அந்தப் பக்கம் படித்தவர், பிழைத்தவர், பெண் எடுத்தவர் இருப்பார்.

எங்கள் நடுவறையில் மேஜையைப் போட்டு லேப்டாப்பை வைத்தாள். திரைக்குக் கீழே ஒரு அடி ஸ்கேல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை. அதற்குள் இருக்கிற கேமரா கருவிழியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தலை அசையாமலிருக்க நாடியை ஊன்றிக்கொள்ள ஒரு தாங்கி. முதலில் திரையில் ஒன்பது புள்ளி ஒவ்வொன்றாக வரும், அதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் நம்முடைய கண் அதற்குப் பிடிபடும்.

"மொத ஆளா நான் உக்கார்றேன்" என்றேன்.

"ஒனக்கு மலையாளம் தெரியாதேம்மா."

"தமிழ் தெரியும்ல? அது போதும், அள."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு பக்கத்தைத் திரையில் போட்டாள். நான் முதுகை நேராக வைத்துக்கொண்டு, மேடையில் நிற்பது போலவே வாசித்தேன். முடித்ததும் அவள் ஒரு படத்தைக் காட்டினாள். என் வரிகளுக்கு மேல் சின்னதும் பெரிதுமாக வட்டங்கள், வட்டத்துக்கு வட்டம் கோடு. கண் நின்ற இடம் வட்டம், தாவிய பாதை கோடு. அதிக நேரம் நின்றால் வட்டம் பெரிசு.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. வாசிக்கும்போது என் கண் வரி மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் இந்த ஐம்பத்து இரண்டு வயசு வரைக்கும் நினைத்திருந்தேன். அப்படி யாருக்குமே போகாதாம். ஒரு இடத்தில் கால் நொடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். தாவுகிற நேரத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாதாம். நின்ற இடத்திலிருந்து வலது பக்கம் கொஞ்ச தூரம் மங்கலாகத் தெரியும், அதை வைத்து அடுத்த தாவலை முடிவு பண்ணும். உருது வாசிக்கிறவர்களுக்கு அந்த மங்கல் இடது பக்கம் விரியும் என்றாள், எழுத்து அந்தப் பக்கமாகப் போவதால். சீன எழுத்து வாசிக்கிறவர்கள் குட்டிக் குட்டியாகத் தாவுவார்கள், ஒரு எழுத்துக்குள்ளேயே அவ்வளவு சமாச்சாரம் அடைந்திருப்பதால். நம்முடைய தமிழில் ஒரு சொல்லோடு இன்னொன்று ஒட்டி ஒட்டி ரயில் மாதிரி நீண்டுவிடுவதால் ஒரே சொல்லில் இரண்டு தடவை நிற்க வேண்டிவரும்.

எனக்கு உருதும் வேண்டாம், சீனமும் வேண்டாம். "இந்தக் கோடெல்லாம் ஏன் பின்னாடி போகுது?" என்றேன். என் படத்தில் இடது பக்கமாகத் திரும்புகிற கோடுகள் நிறைய இருந்தன.

"படிச்சதத் திரும்பப் போய்ப் பாக்குறது. எல்லாருக்கும் போகும்மா. தப்பில்ல."

"ஒனக்குப் போகுமா?"

"போகும்."

"ஒங்க அத்தைக்கு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மகள் கண்ணை அளக்கிறவள், என் கண்ணில் என்ன பார்த்தாளோ. "அத்தைய இனிமேதான் அளக்கணும். அவங்கதான் எனக்கு முக்கியமான ஆளு" என்றாள்.

தலையைத் தூக்கி வாசிக்கும் வித்தையைப் பற்றியும் கேட்டேன், எனக்கென்று இல்லாமல் பொதுவாகக் கேட்பது போல. சத்தமாக வாசிக்கும்போது கண் முன்னால் போய்விடும், வாய் பின்னால் வரும் என்றாள். வாய் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கண் அதற்கடுத்த சொற்களை எடுத்து வைத்திருக்கும். எவ்வளவு தூரம் முன்னால் போகிறதோ, அவ்வளவு நேரம் தலையைத் தூக்கலாம். "அத்தை வாசிக்கிறத வீடியோல பாத்தேன்மா. அம்புட்டு நேரம் தூக்குறாங்கன்னா அவங்க கண்ணு எவ்வளவு முன்னாடி போகுதுன்னு நான் அளந்தே ஆகணும்." மகள் முகத்தில் அப்படி ஒரு ஆசை. எனக்காக அந்த முகம் அப்படி மலர்ந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்பி பெண்டாட்டி வந்தாள். முதலில் மலையாளம் வாசித்தாள். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மகள் படத்தைப் போட்டாள். அந்த ஜிலேபி எழுத்துக்களின் மேல் வட்டங்கள் அளவாக விழுந்திருந்தன. ஒரு சொல்லுக்கு ஒன்று, சில இடத்தில் ஒரு சொல்லையே தாண்டி அடுத்தது. பின்னால் போகிற கோடு எண்ணி நாலைந்துதான். அது என்ன கதை என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் நன்றாக வாசித்திருக்கிறாள் என்று படத்தைப் பார்த்தே புரிந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

"அடுத்துத் தமிழ், அத்தை. மனசுக்குள்ள வாசிங்க."

"மனசுக்குள்ள வாசிச்சாத் தூக்கம் வந்துரும்மா. சத்தமா வாசிக்கிறேனே. திருவிழா வாசகத்தையே போடு, எனக்கும் பழக்கம் ஆகும்."

மகள் ஒத்துக்கொண்டு, அந்தப் பகுதியைத் தட்டித் திரையில் ஏற்றினாள். தன்னுடைய இன்னொரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். தம்பி பெண்டாட்டி வாசித்தாள். குரலில் ஒரு தடங்கல் இல்லை. ஆனால் வரிக்கு ஒரு தடவை மடியைப் பார்த்தாள். போன் வைத்திருக்கிறாள், பிள்ளைக்கு ஸ்கூல் பஸ்சு வரும் நேரம் என்று நினைத்தேன். முடித்ததும் நிஜமாகவே போன் அடித்தது. "பஸ்சு வந்துருச்சாம், வர்றேன் மதினி" என்று வெரசாகக் கிளம்பிப் போய்விட்டாள்.

மகள் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். குரல் பதிவு சுத்தமாக இருந்தது. கண்ணைத்தான் காணோம். ஒவ்வொரு வரியிலும் கண் மறைந்து மறைந்து வந்திருந்தது. வந்த நேரத்திலும் எழுத்து மேல் இல்லை, திரை நடுவில் ஒரே இடத்தில் குவியலாக நின்றிருந்தது.

"மெஷின் பிடிக்கல. அத்தைக்கு இமை முடி நீளம், கருவிழிய மறைச்சுருது. இப்படிச் சிலருக்கு ஆகும். இந்தப் பதிவ ஒதுக்கத்தான் வேணும்."

இமை முடியுமா நீளம்! நான் எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்தேன்.

வெங்காயச் சருகைக் கூட்டும்போதுதான் நாற்காலிக்கு அடியில் அந்தத் தாள் கிடந்தது. நாலாக மடித்த ரூல் போட்ட தாள். பிரித்தால் முழுக்க மலையாளம். ஒரு பக்கம் நெருக்கி எழுதி, சில இடங்களில் சின்னக் கோடு போட்டிருந்தது. மடியில் வைத்துப் பார்த்தது இதைத்தான். என் புத்தி போன இடத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். யாரோ இவளுக்கு எழுதிய கடிதம் என்று நினைத்தேன். என் தம்பிக்காகத் துக்கப்பட்டேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

எங்கள் கடைக்கு மலையிலிருந்து ஏலக்காய் லோடு கொண்டுவருகிற ஜீப்பு டிரைவர் ஒருத்தர் உண்டு. தேவாரம் ஊர்க்காரர். முப்பது வருஷமாக மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர், மலையாளம் தண்ணிபட்ட பாடு. மகளிடம் கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். அவர் மூட்டை இறக்கி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல என்ன எழுதிருக்கு? ஒரு வரி மட்டும் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டார். வாய் முனகியது, நெற்றி சுருங்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "என்னாக்கா இது, மலையாளம் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றவர், சத்தமாக ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். மூன்று சொல் வந்தது. நாலாவது சொல்லை அவர் கூட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

"அட, ஆமாக்கா! இது நம்ம தமிழு! எழுத்து மட்டும்தான் மலையாளம்!"

திருவிழா முதல் வாசகம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எல்லாம் விளங்கியது. அவள் எஸ்டேட்டில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ்ப் பேச்சு, தமிழ்ப் பாட்டு, தமிழ்ச் சண்டை எல்லாம் வாயில் இருக்கிறது, எழுத்து மட்டும் கையில் இல்லை. பஸ்சு போர்டை எழுத்துக் கூட்டுவாளாக இருக்கும். பன்னிரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாது. அப்படியானால் இந்தத் தாளுக்கு யாரோ ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்துச் சொல்லியிருக்க வேண்டும், அவள் கேட்டுக் கேட்டுத் தன் எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். யார்? என் தம்பிதான். நான் இத்தனை வருஷம் வாசித்தபோது கோயில் வாசலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தவன், இவளுக்கு வாரா வாரம் வரி வரியாக வாசித்துக் காட்டியிருக்கிறான். தமிழ் எழுத்து தெரியாதவள் என்று கண்டுபிடித்ததும் எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. முன்னைவிட அதிகமாக எரிந்தது.

கறிவேப்பிலை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவள் நின்றாள். பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

"மதினி, ஒரு தாளு விட்டுட்டுப் போயிட்டேன்."

"இதுவா? கூட்டும்போது கெடந்துச்சு. என்ன இது?"

"சும்மா. சமையல் குறிப்பு."

"அப்படியா. எனக்கு என்ன தெரியும், எல்லாம் ஜிலேபியா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கினாள். இரண்டு பேருமே நன்றாகப் பொய் சொன்னோம்.

சாமியிடம் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை செருப்பைப் போட்டேன். போகவில்லை. அவர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார் என்று தெரியும். மகளிடமும் சொல்லவில்லை. அதுதான் பெரிய துரோகம். ஏனென்றால் அடுத்த நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"தமிழ ஒருத்தரு, மலையாளத்த ஒருத்தருன்னு வாசிக்க வச்சா மொழியும் வேற, எழுத்தும் வேற. கண்ணு மாறுறது எதனாலன்னு சொல்ல முடியாதும்மா. ஒரே ஆளு, ஒரே தமிழு, அத ரெண்டு எழுத்துல வாசிக்கிற மாதிரி ஒருத்தர் கெடச்சா எப்படி இருக்கும் தெரியுமா? எழுத்தோட வேல எவ்வளவு, மொழியோட வேல எவ்வளவுன்னு பிரிச்சு வச்சுரலாம்."

"அப்படி யாரு இருப்பா?" என்றேன். அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். சொன்னால் மகள் எழுந்து ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொள்வாள் என்று தெரியும். சொல்லவில்லை.

திருவிழா அன்று காலை வாசகப் புத்தகத்தை மேடையில் வைப்பது குழுத் தலைவி என்ற முறையில் என் சோலி. மேடையில் தாளைக் கையில் பிடித்து வாசிப்பது சாமிக்கு ஆகாது, புத்தகத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும். அதனால் அவள் தாளைப் புத்தகத்துக்குள் வைத்து, அதைப் பார்த்து வாசித்துவந்தாள் என்பது அன்றைக்கு பக்க அடையாள ரிப்பனை எடுத்துப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தபோது தெரிந்தது. சீக்கிரமே வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பக்கத்தின் மேலேயே, ஓரம் ஒட்ட, அழகாகப் பொருத்தி வைத்திருந்தாள்.

யோசித்துச் செய்தேன் என்றால் பொய். யோசிக்கவே இல்லை. தாளை எடுத்தேன், மடித்தேன், கைப்பையில் போட்டேன், ஜிப்பை இழுத்தேன். ரிப்பனை நேராக வைத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் மகள் வந்து உட்கார்ந்தாள்.

கோயில் நிறைந்திருந்தது. குரங்கணியிலிருந்துகூட ஆட்கள் இறங்கியிருந்தார்கள். நேரம் வந்ததும் அவள் எழுந்து போனாள். பீடத்துக்கு வணக்கம் செய்தாள், மேடையேறினாள், புத்தகத்தைத் திறந்தாள்.

ஒரு பக்கத்தைப் புரட்டினாள். திருப்பி வைத்தாள். பின்பக்கம் பார்த்தாள். மைக்கில் தாள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகு அதுவும் நின்றது. முன்வரிசையில் இருந்த எனக்கு அவள் கைவிரல் புத்தக ஓரத்தைப் பிடித்திருந்தது தெரிந்தது, நகம் வெளுத்திருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது இறங்குவாள், சாமி என்னைப் பார்ப்பார், நான் எழுந்து போவேன். புடவைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

அவள் தலையைத் தூக்கினாள். தூக்கிய தலையை இறக்கவே இல்லை. எங்களைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

கேட்டு, எழுதி, திருத்தி, சொல்லிச் சொல்லிப் பழகியதில் அது முழுசாக அவளுக்குள் இறங்கியிருந்தது போல. வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுப்பது போல ஒரு சின்ன இடைவெளி விட்டுச் சொன்னாள். அந்த இடைவெளியில் கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவ்வளவு பேர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் வாசிக்கும்போது பார்த்திருக்கவும் முடியாது, புத்தகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாதிக்கு மேல் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். அந்த இடம் எனக்குத் தெரியும், ஒரே மாதிரி தொடங்குகிற இரண்டு வாக்கியம் அடுத்தடுத்து வரும். யாரும் தடுமாறுவார்கள். அவள் கண் எங்கள் தலைகளுக்கு மேல் ஒருமுறை போய்வந்தது. பிறகு என் முகத்துக்கு வந்து, என் வாயில் நின்றது.

என் உதடு அசைந்துகொண்டிருந்தது. நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யார் வாசித்தாலும் கூடவே சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருப்பது என் வழக்கம், எனக்கே அது தெரியாது. இப்போது அவள் பார்த்ததும்தான் தெரிந்தது. வாயை மூடியிருக்கலாம். மூட வேண்டும் என்று தோன்றவும் செய்தது. அதற்குள் அடுத்த சொல்லை என் உதடு சொல்லிவிட்டது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்விட்டாள்.

பூசை முடிந்து முற்றத்தில் அவளைச் சுற்றிக் கூட்டம். "பொஸ்தகத்தப் பாக்காமயே சொல்லிட்டாங்களே" என்று ஒருத்தி. சாமி கையெடுத்துக் கும்பிட்டார். என் இரண்டாம் வாசகத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதை வாசித்தேன் என்று எனக்கே நினைவில்லை. மகள் என் காதருகே, "அத்தை ஒரு எடத்துல ஒன்னையவே பாத்தாங்களே, கவனிச்சியா?" என்றாள். கவனிக்கவில்லை என்றேன்.

சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் டிரம் ஓரமாக நான் கை கழுவும்போது அவள் தனியாக வந்தாள். குரலைத் தாழ்த்தாமலே, உப்பு கேட்பது போலக் கேட்டாள்.

"மதினி, அந்தத் தாளக் கொண்டாங்க."

"எந்தத் தாளு?"

"பையில இருக்கிறது."

எனக்கு ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. "யாரு சொன்னா?" என்றேன். அப்படிக் கேட்டதே ஒப்புக்கொண்டது மாதிரி ஆயிற்று.

"யாரும் சொல்லல. நான் பொஸ்தகத்தத் தொறந்து முழிச்சப்ப, கோயில்ல அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க. நீங்க மட்டும் ஒங்க பையப் பாத்தீங்க."

நான் ஜிப்பைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். "சாரமில்ல மதினி" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. தாளைப் பிரித்துக் கசங்கலை நீவி, மறுபடி நாலாக மடித்துக்கொண்டாள்.

"அத என் மககிட்டக் காட்டு" என்றேன். "அவ ஊரெல்லாம் தேடுறது அதத்தான்."

சொன்னதும் மகள் அவளைக் கட்டிக்கொள்ளப்போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, எரிந்தது. அத்தனை பேருக்கு நடுவே நின்று, ஒரு சொல் கையில் இல்லாத நேரத்தில், ஒரே பார்வையில் என்னை வாசித்து முடித்துவிட்டாளே, அதற்கும் சேர்த்து எரிந்தது.